கீமோவுக்குப் பின் காய்ச்சல்: சி.ஆர்.பி. 140, புரோகால்சிடோனின் 0.3. எதை நம்புவது?

கேள்வி (வார்டு_இரவு):
ஏ.எம்.எல். (ஒருவகை ரத்தப் புற்றுநோய்) நோயாளி, இன்டக்‌ஷன் கீமோ (நோயை அடக்கத் தரும் முதல் சுற்று) தொடங்கி 11ஆம் நாள். நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளணு) 100க்கும் கீழே. காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ், வந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. சி.ஆர்.பி. (அழற்சியில் ஏறும் புரதம்) 140 மி.கி./லிட்டர், புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்றில் ஏறும் ரத்த மார்க்கர்) 0.3 நானோகிராம்/மி.லி. வாய்ப்புண் நிறைய இருக்கிறது. இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். புரோகால்சிடோனின் வழக்கமான எல்லையான 0.5ஐத் தாண்டாததால் பாக்டீரியா இல்லை என்று எடுத்துக்கொண்டு காலை வரை ஆன்டிபயாடிக் கொடுக்காமல் பார்க்கலாமா?

பதில் (ரத்தவியல்_ஆர்):
தயவுசெய்து காத்திருக்காதீர்கள். காய்ச்சல் தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போயாக வேண்டும், ஏற்கெனவே தாமதம். பைபராசிலின்-டாசோபாக்டம், செஃபிபைம் போல சூடோமோனாஸ் பாக்டீரியாவையும் பிடிக்கும் மருந்தாக இருக்கட்டும்.

புரோகால்சிடோனின் ஏறத் தொடங்கவே மூன்று, நான்கு மணி நேரமாகும். உச்சத்தைத் தொட அரை நாளுக்கு மேல். உங்கள் 0.3 ஏறும் வழியில் எடுத்த எண்ணாக இருக்கலாம். சென்ட்ரல் லைனில் (பெரிய ரத்தக்குழாயில் போட்ட குழாய்) ஒட்டும் கோயாகுலேஸ்-நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற தோல் பாக்டீரியா புரோகால்சிடோனினைப் பெரிதாக ஏற்றாமலே ரத்தத்தில் இருக்கும். சி.ஆர்.பி.யோ வாய்ப்புண், பூஞ்சை, லுகேமியா எதற்கும் ஏறும்; 140 என்பது பாக்டீரியாவுக்குச் சாட்சி ஆகாது. எக்ஸ்ரே சுத்தம் என்பதிலும் ஆறுதல் கொள்ளாதீர்கள். நியூட்ரோபில் இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, நுரையீரலில் நிழலும் தாமதமாகத்தான் விழும். அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2010 வழிகாட்டுதலும் இந்த மார்க்கர்களை வைத்து ஆன்டிபயாடிக் முடிவெடுக்கப் பரிந்துரைக்கவில்லை.

பதில் (லேப்_பெஞ்ச்):
ஆன்டிபயாடிக்குக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள்: லைனின் ஒவ்வொரு லூமெனிலிருந்தும் (உட்குழலிலிருந்தும்) ஒரு செட், கை நரம்பிலிருந்து ஒரு செட். பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8–10 மி.லி. ரத்தம் வேண்டும்; 3 மி.லி. வந்தால் கிருமி இருந்தும் தப்பிவிடும். எந்த லூமென், எத்தனை மணிக்கு என்று லேபிளில் எழுதுங்கள். ஒரே கிருமி லைன் பாட்டிலில் கை பாட்டிலைவிட இரண்டு மணி நேரம் முந்தி வளர்ந்தால் லைன்தான் ஊற்று என்று சந்தேகிக்கலாம். லேபிள் இல்லையென்றால் அந்தக் கணக்கே போடமுடியாது.

அலகையும் கவனியுங்கள். சில லேப் சி.ஆர்.பி.யை டெசிலிட்டருக்குத் தரும். அங்கே 14 என்றால் உங்கள் 140தான்.

வார்டு_இரவு:
கல்ச்சர் எடுத்தாயிற்று, மருந்து ஓடுகிறது. அப்படியென்றால் புரோகால்சிடோனின் எதற்குத்தான் உதவும்?

பதில் (ரத்தவியல்_ஆர்):
போக்கைப் பார்க்க. நாளை இதே நேரம் ஒன்று, 48 மணியில் ஒன்று, அதே லேபில். அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். மருந்து வேலை செய்தால் உச்சத்துக்குப் பின் தினமும் பாதியாகும். எண் இறங்கி, ரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால், காய்ச்சல் நீடிக்கிறது என்பதற்காக மட்டும் மருந்தை மாற்றிக்கொண்டே போக வேண்டாம். மூன்றாம் நாளும் ஏறினால் மருந்துக்கு அடங்காத எதிர்ப்புக் கிருமி, லைன் தொற்று, வயிற்றுத் தொற்று மூன்றையும் தேடுங்கள். எண் அசையாமல் கிடக்க, நாலைந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் பூஞ்சைதான் என் முதல் சந்தேகம்: கேலக்டோமேனன் (பூஞ்சைக்கான ரத்தச் சோதனை), நெஞ்சு சி.டி.

ஏ.டி.ஜி. (டி-செல்லை அழிக்கும் ஆன்டிபாடி மருந்து) கொடுத்தவருக்குத் தொற்றே இல்லாமல் புரோகால்சிடோனின் எகிறும். டோசிலிசுமாப் போட்டவருக்கு சி.ஆர்.பி.யைத் தூண்டும் ஐ.எல்.-6 வழி அடைபடுவதால் செப்சிஸிலும் சி.ஆர்.பி. தாழ்ந்தே இருக்கும். ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைத்துவிடும். மருந்து சார்ட்டைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் படியுங்கள்.