ஆயா வீடு 🏠 குரூப்

கார்த்தி: எல்லாருக்கும் நியூசிலாந்து விசா வந்துடுச்சு 🙏 வாடகை வண்டி புக் பண்றேன். ரெண்டாவது டிரைவர் பேரு யாரு போடட்டும்? நைட்டுக்குள்ள சொல்லுங்க. பேரு இல்லாதவங்க ஸ்டியரிங் தொட்டா இன்சூரன்ஸ் வராது

ராஜி அக்கா: முருகா 🙏🙏

உமா சித்தி: 👏

வினோத்: நான்

கார்த்தி: நான் பார்த்த கம்பெனிங்க எல்லாம் 21 வயசு கேக்குறாங்கடா

வினோத்: பிப்ரவரில 21

ராஜி அக்கா: நாம போறது டிசம்பர்ல

பாலு சித்தப்பா: நான் ஓட்றேன். அங்கயும் லெஃப்ட்ல தானே போவணும். நம்மூர் மாதிரிதான்

ராஜி அக்கா: தடா போனப்போ இடிச்ச செவுரு

வினோத்: 😂😂😂

பாலு சித்தப்பா: அந்த செவுரை ரோட்டுல கட்டி வெச்சிருந்தான். எத்தினி வாட்டி சொல்றது

உமா சித்தி: பம்பர் மாத்துன காசுக்கு வெச்ச வளையல் இன்னும் மீட்கல

சேகர் மாமா: அனைவருக்கும் வணக்கம். ஹார்பர்ல 28 வருஷம் டிரெய்லர் ஓட்டினவன்ற முறையில சில விஷயம் சொல்றேன், பொறுமையா படிக்கவும். முதல்ல லைசன்ஸ். நம்ம கார்டு இங்கிலீஷ்ல இருக்கறதால நியூசிலாந்துல அதை வெச்சே ஓட்டலாம். ஆனாலும் கவுண்டர்ல கேட்டா முழிக்கக் கூடாது, சர்வதேச பர்மிட் ஒண்ணு எடுத்துடுங்க. ஆர்டிஓல ஃபாரம் 4ஏ, 1000 ரூபா, ஒரு வருஷம் செல்லும். அடுத்தது ரோடு. கிறைஸ்ட்சர்ச்லேர்ந்து குயின்ஸ்டவுன் 480 கிலோமீட்டர் சொச்சம், மெட்ராஸ் டு மதுரைன்னு வெச்சுக்கோங்க. ஆனா மதுரை ரோடு மாதிரி நாலு வழி கிடையாது, பெரும்பாலும் போக ஒண்ணு வர ஒண்ணு, மலைப் பக்கம் வளைவு. 100க்கு மேல போவக் கூடாது. வழியில ஒரு வண்டி மட்டும் போற பாலம் வரும். வட்ட போர்டுல நம்ம பக்கத்து அம்பு சின்னதா செகப்பா இருந்தா நாம நிக்கணும், எதிர்ல வர்றவன்தான் முதல்ல. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு தொறந்ததும் ரெண்டு பக்கமும் மோதிக்கினு நுழையுற வேலை அங்க ஆவாது

ராஜி அக்கா: 👍

வினோத்: 👍

பாலு சித்தப்பா: மாடி போர்ஷன் விஷயத்துலயும் இப்படித்தான் மச்சான் ஒரு பக்கத்துக்கு எழுதுனீங்க

உமா சித்தி: அதை ஏன் இப்ப

உமா சித்தி: அம்மா கேக்குறாங்க, ஆனந்திக்கு காசிமேட்டு நெத்திலி கருவாடு ஒரு கிலோ எடுத்துனு போலாமா

ஆனந்தி: அத்தை வேணாம் 😭

ராஜி அக்கா: இன்னாடி முழிச்சினு இருக்க? அங்க மணி இன்னா

ஆனந்தி: ரெண்டரை. குட்டி தூங்க விடல. சாப்பாட்டு சாமான் எதுவா இருந்தாலும் ஃபாரத்துல எழுதணும். எழுதாம மாட்டுனா அங்கேயே 400 டாலர். தேன் கொண்டே வராதீங்க. செருப்பு ஷூவுல மண்ணு இருந்தாக்கூட காட்டணும்

உமா சித்தி: 400 டாலர்னா

வினோத்: இருபதாயிரம் கிட்ட மா

உமா சித்தி: அம்மா சொல்றாங்க, எழுதிட்டே எடுத்துனு போங்கன்னு

ராஜி அக்கா: நிலா பாப்பாவை மடியில வெச்சுக்கிறேன், சீட்டு ஒண்ணு மிச்சம்

ஆனந்தி: ஐயோ அக்கா. 7 வயசு ஆவற வரைக்கும் பசங்களுக்கு தனி சீட்டு போட்டே ஆவணும். புக் பண்ணும்போதே கேளு கார்த்தி. அப்புறம் ஃப்ளைட்ல வந்து எறங்குன அன்னைக்கே ஓட்டாதீங்க, ரெண்டு நாள் எங்க வீட்ல தூங்குங்க. அவசரம் இல்ல, டிசம்பர்ல இருட்டவே ராத்திரி ஒம்பது தாண்டிடும். மில்ஃபோர்டு போறதா இருந்தா வழியில டீ அனா ஊர்லயே டேங்க் ஃபுல் பண்ணிடுங்க

ஆனந்தி: அந்த மில்ஃபோர்டு ரோட்டுல ஹோமர் டனல் வாசல்ல வண்டிங்க நிக்கும்ல, அங்க கியான்னு ஒரு கிளி வரும். பச்சையா, கோழி சைஸ்ல. எங்க வண்டி கண்ணாடி ஓரத்து ரப்பரை நாங்க பாக்கப் பாக்கவே உரிச்சு இழுத்துச்சு

பாலு சித்தப்பா: கிளி உரிச்சாலும் என் பேருல தான் எழுதுவீங்க

வினோத்: 😂 அப்பா

கார்த்தி: ரெண்டாவது டிரைவர்???

சேகர் மாமா: அனுபவம் உள்ளவங்க ஓட்றதுதான் பாதுகாப்பு. நான் தயார்

பாலு சித்தப்பா: மச்சான், உங்க லைசன்ஸ் போன வருஷமே முடிஞ்சு போச்சே

ஆனந்தி: அப்பா???

*சேகர் மாமா இந்த மெசேஜை நீக்கிவிட்டார்*

ராஜி அக்கா: நான் ஓட்டக் கூடாதா? எனக்கும் லைசன்ஸ் கீது

பாலு சித்தப்பா: நீ பெரம்பூர் தாண்டி ஓட்டுனதே இல்லியே

ராஜி அக்கா: நான் எந்த செவுத்தையும் இடிச்சதும் இல்ல

கார்த்தி: அப்ப ராஜி அக்கா பேரு போட்டுடவா

உமா சித்தி: இரு, அவர் மூஞ்சி ஒரு மாதிரி போச்சு. நைட்டு பேசிட்டு சொல்றேன்

சேகர் மாமா: ரெனியூவலுக்கு டாக்டர் சர்டிபிகேட் யார்கிட்ட வாங்கலாம்? தெரிஞ்சவங்க தனியா சொல்லவும்

உமா சித்தி: தண்ணி லாரி வந்துச்சு. வினோத் குடம் எடுத்துனு கீழ வா

உமா சித்தி: ஆனந்தி, கருவாடு அரை கிலோன்னா?