யார்க்‌ஷைர் டேல்ஸ் ஜியோகேஷிங் சுற்று: 6 டப்பா கிடைத்தது, 4 கிடைக்கவே இல்லை. ஜிபிஎஸ் கோளாறா, நான் கோளாறா?

டார்லிங்டன்காரன்:

வணக்கம். மூன்று வார இறுதி போய்விட்டது, இன்னும் முடியவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

(புதியவர்களுக்கு: ஜியோகேஷிங் என்பது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, தளத்தில் போட்டிருக்கும் இட எண்களை வைத்து ஜிபிஎஸ்ஸில் தேடும் விளையாட்டு. டப்பாவுக்குப் பெயர் கேஷ்.) நான், மனைவி, 9 வயது மகள். ஹாஸ் ஊரில் கிளம்பி பட்டர்டப்ஸ் கணவாய் ஏறி, த்வெய்ட், மியூக்கர், கெல்ட் வழியாக டான் ஹில் வரை போகிற சாலையோரச் சுற்று ஒன்று. மொத்தம் 10 டப்பா. (கேஷ் என்றதும் ஊரில் இருக்கும் அப்பா "எவ்வளவு வைப்பாங்க?" என்று கேட்டார். அதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் டப்பாதான்.) ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பத்து எண்ணும் சேர்ந்தால் போனஸ் டப்பாவின் இடம் தெரியும். வடக்கு 54, மேற்கு 2 என்பது தெரிந்ததே. நிமிடங்களுக்கான ஐந்தும் ஐந்தும் பத்து இலக்கம்தான் வேண்டும்.

6 டப்பா சுலபமாகக் கிடைத்தது. மகளே மூன்றைக் கண்டுபிடித்தாள். மீதி 4 சுத்தமாக இல்லை. கையில் இருப்பது மலையேறுபவர்கள் வைத்திருக்கும் பட்டன் வைத்த ஜிபிஎஸ். அது 0 மீட்டர் என்று காட்டுகிற இடத்தில் போய் நின்றால் ஒரு முறை வெறும் புல்லும் ஆடும். இன்னொரு முறை ஸ்வேல் ஆற்றின் நடுவே கைகாட்டியது. மூன்றாவது இடத்தில் பக்கத்தில் கல் சுவர் மட்டும் இருந்தது, அதில் சந்து சந்தாக முக்கால் மணி நேரம் கைவிட்டுத் துழாவினோம். விவசாயி ஒருவர் நான்கு சக்கர பைக்கில் வந்து, ஒன்றும் பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவமானமாக இருந்தது.

நாலுக்கும் டிஎன்எஃப் (தேடினேன், கிடைக்கவில்லை என்ற பதிவு) போட்டுவிட்டேன். எங்களுக்குப் பின்னால் போனவர்கள் அதே டப்பாக்களை எடுத்ததாகப் பதிந்திருக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

தேன்சிட்டு:

முதலில் ஒரு குட்டு. அந்தக் கல் சுவரில் கை வைக்காதீர்கள். சிமெண்டு, மண் எதுவும் இல்லாமல் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியது. ஒரு கல்லை உருவினால் அடுத்த மழைக்காலத்தில் ஒரு கஜம் சரியும், ஆடுகள் சாலைக்கு வந்துவிடும். இந்த நாட்டு விதிப்படி அப்படிப்பட்ட சுவருக்குள் டப்பா வைக்க அனுமதியே கிடையாது. அதனால் அங்கே இருக்கவும் இருக்காது. விவசாயி பேசாமல் போனது உங்கள் நல்ல நேரம்.

அடுத்து, எண்களை எப்படி அடித்தீர்கள்? தளத்தில் வடக்கு 54° 22.560 என்று இருந்தால் அது 54 பாகை, 22 நிமிடம், நிமிடத்தில் தசமம். அதை 54.22560 என்று அடிக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் முதல் மாதம் அப்படித்தான் ஒரு கோழிப் பண்ணைக்குப் போய் நின்றேன்.

பனங்கொட்டை:

அண்ணை, மரத்துக்குக் கீழ நிண்டு பார்த்தனீங்களோ? இல்லாட்டிப் பள்ளத்தாக்கு விளிம்பிலயோ? அப்பிடியான இடத்தில சிக்னல் பாறையில பட்டுத் தெறிச்சு வரும், முள்ளு ஆடிக்கொண்டே நிக்கும். ரெண்டு நிமிஷம் அசையாமல் வைச்சிருந்து பாருங்கோ. இன்னொண்டு, போனிலயும் ஒருக்காப் பாருங்கோவன்.

டார்லிங்டன்காரன்:

@பனங்கொட்டை, மரமே இல்லை அண்ணா. மொட்டைப் புல்வெளி, எட்டுப் பத்து செயற்கைக்கோள் பிடிக்கிறது, துல்லியம் 3 மீட்டர் என்று காட்டுகிறது. முள் ஆடவில்லை, ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. போன் வேலைக்காகாது. மியூக்கர் தாண்டினால் ஒரு கோடு சிக்னல்கூட வராது, நான் வரைபடத்தை இறக்கியும் வைக்கவில்லை.

@தேன்சிட்டு, சுவரை இனிமேல் தொட மாட்டேன், மன்னியுங்கள் அக்கா. எண்களைத் தளத்தில் இருக்கிற வடிவத்திலேயே அடித்தேன். மனைவி ஒருமுறை படித்துச் சரிபார்த்தாள்.

தேன்சிட்டு:

அப்படியென்றால் வடிவம் காரணமில்லை. 54.22560 என்று அடித்திருந்தால் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் தெற்கே போயிருப்பீர்கள், அதே ஆற்றங்கரையில் நின்றிருக்க மாட்டீர்கள். 22.560 நிமிடத்தை 22 நிமிடம் 56 நொடி என்று எடுத்திருந்தாலும் 700 மீட்டர் வடக்கே தள்ளும்.

கிடைக்காத அந்த நான்கும் எந்த வகை?

டார்லிங்டன்காரன்:

இரண்டு மல்ட்டி, அதாவது ஓர் இடத்தில் கிடைக்கும் விவரத்தை வைத்து அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வகை. ஒன்றில் பெஞ்சில் பொறித்த ஆண்டைப் படித்துக் கணக்குப் போட வேண்டும், இன்னொன்றில் அறிவிப்புப் பலகையில் எழுத்தெண்ண வேண்டும். மற்ற இரண்டும் புதிர். புதிர் இரண்டின் விடையையும் இணையத்தில் விடை சோதிக்கும் சரிபார்ப்பானில் போட்டேன், பச்சை வந்தது. ஆகவே விடை சரி. கிடைத்த ஆறும் சாதாரண வகை, கணினியிலிருந்து கோப்பாக இறக்கிக் கருவியில் ஏற்றியவை.

நிலஅளவை_ஓய்வு:

தம்பி, நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். கோப்பாக ஏற்றியது எல்லாம் கிடைக்கிறது. கையால் அடித்தது எல்லாம் கிடைப்பதில்லை. கருவி நன்றாகத்தான் இருக்கிறது, அதன் டேட்டம் (இட எண்களை எந்த அளவை முறைப்படி படிப்பது என்ற அமைப்பு) மாறிப்போயிருக்கிறது.

வெளியே போகாமல் சாப்பாட்டு மேசையிலேயே சோதிக்கலாம். ஏற்கெனவே கண்டுபிடித்த ஒரு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள், அது கருவியில் ஏறியிருக்கும். அதே இடத்தின் எண்களைத் தளத்தைப் பார்த்துக் கையால் புதிதாக அடித்து வேறு பெயரில் சேமியுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விழாது என்று நினைக்கிறேன். கையால் அடித்தது மேற்கே 90, 100 மீட்டர் தள்ளி விழும்.

அமைப்புகளில் "பொசிஷன் ஃபார்மட்" என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் மூன்று வரி. முதல் வரியை எல்லோரும் பார்ப்பார்கள், இரண்டாவதான "மேப் டேட்டம்" வரியை யாரும் பார்ப்பதில்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறது?

டார்லிங்டன்காரன்:

ஐயா! 94 மீட்டர். மேற்கே. நீங்கள் சொன்ன அதே பக்கம். என் மனைவி "அவர் ஜோசியரா?" என்கிறாள்.

டேட்டம் வரியில் "ஆர்ட் சர்வி ஜிபி" என்று இருக்கிறது. அதற்குக் கீழே "ஏரி" என்று ஏதோ. நான் இதைத் தொட்டதே இல்லையே?

அப்புறம் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் அலுவலக நண்பர்களோடு நடைப்பயணம் போனபோது, ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் நில அளவைத் துறை) காகித வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க கருவியை பிரிட்டிஷ் கிரிட்டுக்கு, அதாவது அந்த வரைபடத்தின் கட்ட எண்களுக்கு, மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நான் முதல் வரியை மட்டும் பழையபடி பாகை, நிமிடத்துக்கு மாற்றினேன்.

நிலஅளவை_ஓய்வு:

அதேதான். கிரிட்டுக்கு மாற்றியபோது டேட்டமும் கூடவே மாறிவிட்டது. முதல் வரியைத் திருப்பினீர்கள், இரண்டாவது வரி அங்கேயே தங்கிவிட்டது.

ஜோசியம் இல்லை தம்பி, 31 வருடம் சங்கிலியும் தியோடலைட்டும் பிடித்த கை. பூமி சரியான உருண்டை இல்லை. அதனால் ஒவ்வொரு நாடும் தன் நிலத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நீள்வட்டக் கோளத்தை வைத்துக்கொண்டு அளந்தது. பிரிட்டன் எடுத்துக்கொண்டது ஏரி 1830 (குளம் ஏரி இல்லை, ஏரி என்ற வானியலாளரின் பெயர்). நம் ஊருக்கு எவரெஸ்ட் 1830. இரண்டுக்கும் ஒரே ஆண்டுதான். ஜிபிஎஸ் வைத்திருப்பது டபிள்யூஜிஎஸ் 84, உலகம் முழுவதுக்கும் ஒன்றே. ஜியோகேஷிங்காரர்கள் எல்லோரும் எழுதுவது இதில்தான். எண் ஒன்றே என்றாலும் எந்தக் கோளத்தில் எழுதியது என்று தெரியாவிட்டால் இடம் மாறிவிடும். பிரிட்டனில் இந்த வித்தியாசம் கிழக்கு மேற்காக கார்ன்வால் பக்கம் 70 மீட்டர், ஈஸ்ட் ஆங்கிலியா கடற்கரையில் 120 மீட்டர். யார்க்‌ஷைர் இரண்டுக்கும் நடுவில், அதனால் 90, 100 என்றேன்.

எங்கள் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே 1802-ல் லாம்டன் துரை அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலைதான் நம் நாட்டு வரைபடங்களுக்கு ஆதாரம். பழைய டோப்போ ஷீட்டை (அரசு நில வரைபடத் தாளை) ஜிபிஎஸ்ஸோடு வைத்துப் பார்த்து, கிணறு பக்கத்து வயலில் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2005-ல் புது வரைபடக் கொள்கை வந்த பிறகுதான் பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாறின. சரி, கதை நீள்கிறது.

டேட்டத்தை டபிள்யூஜிஎஸ் 84 என்று மாற்றுங்கள். மூன்றாவது வரியிலும் டபிள்யூஜிஎஸ் 84 என்றே இருக்கட்டும்.

டார்லிங்டன்காரன்:

மாற்றினேன் ஐயா. ஆனால் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே இன்னும் 94 மீட்டர்தான் காட்டுகிறது. கருவியை அணைத்துப் போட்டும் பார்த்தேன்.

நிலஅளவை_ஓய்வு:

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் அடித்த நிமிடமே கருவி அதை உள்ளுக்குள் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டது. இப்போது டேட்டத்தை மாற்றினால் எண் மாறிக் காட்டும், புள்ளி அதே தப்பான இடத்தில்தான் இருக்கும். திறந்து பாருங்கள், நீங்கள் அடித்த எண் இருக்காது. கையால் அடித்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

டார்லிங்டன்காரன்:

ஆமாம்! மேற்கு 08.340 என்று அடித்தது இப்போது 08.427 என்று இருக்கிறது. அழித்து அடித்தேன். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டது. சனிக்கிழமை கிளம்புகிறோம்.

தேன்சிட்டு:

அருமை. போவதற்கு முன் இரண்டு விஷயம். போனிலும் அந்தப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் குறிப்பைப் படிக்கவாவது ஆகும். அப்புறம் பட்டர்டப்ஸ் சாலையில் எதிர்வண்டிக்கு ஒதுங்குவதற்காக விட்ட இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். வயல் கேட்டை மறித்தும் நிறுத்த வேண்டாம். மேலே அந்தச் சுண்ணாம்புக் குழிகள் பக்கம் நிறுத்த இடம் உண்டு. சந்தைக்குப் போன விவசாயிகள் வெண்ணெய் உருகாமல் இருக்க அந்தக் குழிகளில் இறக்கி வைத்தார்களாம், அதுதான் அந்தப் பெயர். குழி ஆழம். பிள்ளையின் கையை விடாதீர்கள்.

டார்லிங்டன்காரன்:

ஞாயிறு இரவு எழுதுகிறேன், கால் கெஞ்சுகிறது.

3 கிடைத்தது! ஆற்று நடுவே காட்டிய டப்பா உண்மையில் கிழக்குக் கரையில், நடைபாதை வேலித்தூண் அடியில் தட்டைக் கல்லுக்குக் கீழே இருந்தது. சுவரைக் குடைந்தோமே, அந்த டப்பா அங்கிருந்து 90 மீட்டர் தள்ளி ஒரு இரும்பு கேட்டின் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் கேட்டைத் திறக்கப் போய் விரலில் பட்டது. உள்ளே நோட்டு ஈரம், பேனா எழுதவில்லை. அவளுடைய பள்ளிப் பையில் இருந்த பென்சில்தான் காப்பாற்றியது.

நான்காவது மட்டும் இல்லை. இந்த முறை என் தப்பில்லை. போன வாரம் வெள்ளம் வந்து அந்த ஓடைக்கரையே அரித்துவிட்டது, வைத்தவரும் தற்காலிகமாக மூடியிருப்பதாக எழுதிவிட்டார். அதன் எண் இல்லாமல் போனஸ் கிடைக்காதே?

பனங்கொட்டை:

அண்ணை, போனஸ் பக்கத்தில கூட்டுத்தொகை ஏதும் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. கனபேர் போடுவினம், பிழையாப் போய் அலையக் கூடாது எண்டு. பத்து இலக்கத்தையும் கூட்டினா இவ்வளவு வரோணும் எண்டு இருந்தா, உங்கட ஒன்பதையும் கழிச்சா மிச்சம் ஒண்டு வந்திடும்.

தேன்சிட்டு:

அதில் ஒன்றும் திருட்டு இல்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் வெள்ளத்தில் போன டப்பாவுக்கு "கண்டுபிடித்தேன்" என்று பதியாதீர்கள். நோட்டில் கையெழுத்து இல்லாமல் அது கணக்கில் வராது. நீங்களே இன்னொரு டப்பாவை அங்கே போட்டுவிட்டும் வராதீர்கள், அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வைத்தவர் திரும்ப வைக்கட்டும்.

டார்லிங்டன்காரன்:

இருந்தது! கூட்டுத்தொகை 41, எங்களிடம் இருக்கும் ஒன்பதும் சேர்ந்து 34. அப்போது 7. சரிபார்ப்பானில் பச்சை. இடம் டான் ஹில் விடுதியிலிருந்து கொஞ்சம் கீழே. திங்கள் விடுமுறை, போய்விட்டு வந்தோம். மகளே எண்ணை அடித்தாள், அடிக்கும் முன் டேட்டம் வரியைத் திறந்து என்னிடம் காட்டினாள். டப்பாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு விடுதியில் சூடாகச் சாக்லேட் குடித்தோம். பிரிட்டனிலேயே உயரத்தில் இருக்கும் மதுக்கடை அது, 528 மீட்டர்.

ஐயா, அக்கா, அண்ணா, மூவருக்கும் நன்றி.

தேன்சிட்டு:

528-ஐ மறக்காதீர்கள். இரண்டு டப்பாவுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அடியில் சொன்னால் அதுவும் 528.

மழைக்கோட்டு:

பழைய இழைதான், மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை, வேல்ஸ் பக்கம். டேட்டம் டபிள்யூஜிஎஸ் 84-தான் இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட 500 மீட்டர் வடக்கே தள்ளிக் காட்டுகிறது.

நிலஅளவை_ஓய்வு:

500 மீட்டர் என்றால் டேட்டம் இல்லை. முதல் வரியைப் பாருங்கள், பாகை நிமிடம் நொடி என்று இருக்கும். தசம நிமிடத்தை நொடியாக அடித்திருக்கிறீர்கள்.

மழைக்கோட்டு:

ஆமாம் ஐயா.