பழைய காரின் ஹீட்டர் விசிறி: மாற்று மோட்டார் பொருத்தியவர்கள் உதவ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். 1960-களைச் சேர்ந்த என் காரில் ஹீட்டர் விசிறி நின்றுவிட்டது. ஃபியூஸ், சுவிட்ச், எர்த் எல்லாம் சரி. பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தாலும் மோட்டார் முனகுகிறதே தவிர, சுழலவில்லை. கழற்றிப் பார்த்தால் தண்டு அதைத் தாங்கும் புஷ்ஷில் இறுகிக் கிடக்கிறது, சுழலும் சுருளுக்கு மின்சாரம் கடத்தும் கம்யூட்டேட்டரும் கருகிவிட்டது. இனி இதைத் தேற்ற முடியாது.

வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உலோக உடலோடு இணைந்திருக்கிறது. நான் வாங்க நினைக்கும் மோட்டாரோ நிரந்தரக் காந்த வகை. மின்முனை மாறினால் சுழலும் திசையும் மாறிவிடும். உருளை விசிறி எதிர்த்திசையில் சுற்றினால் காற்று பெயருக்குத்தான் வரும். இரண்டு வயர்களையும் இடம் மாற்றி இணைத்தால் போதுமா? ஒரு முனை மோட்டாரின் உலோக உறையோடு இணைந்திருந்தால் என்ன செய்வது? பழைய விசிறியைத் தண்டிலிருந்து உடையாமல் உருவ வழி உண்டா? முன்கண்ணாடியில் படியும் நீராவியை விலக்க வேறு வழியே இல்லாததால், இதை முடிக்காமல் வண்டியை வெளியே எடுக்க எனக்கு மனமில்லை.