காலடிச் சத்தமும் இசைதானா? ஐரிஷ் மரபிசையின் நேரடிப் பதிவுகள் பற்றி இணைய மன்றத்தில் ஒரு வழக்கு

ஒலிநாடா:

ஒரு மாதமாக என் வீட்டில் ஓடுவது ஒரே பதிவுதான். ‘இ க்னாக் நா க்ரீ’, 1985-இல் கேல் லின் வெளியிட்டது. டோனி மக்மஹோன் பொத்தான் அக்கார்டியன், நோயல் ஹில் கன்செர்டினா (கையடக்கத் துருத்தி வாத்தியம்). கார்க் கவுண்டியில், கெர்ரி எல்லையை ஒட்டி நாக்னக்ரீ என்று ஒரு சிற்றூர். அங்கே டான் ஓ’கானலின் பப்பில் எடுத்த பதிவு. இவர்கள் வாசிக்கிறார்கள், எதிரே செட் ஆடுகிறார்கள். நாலு ஜோடி சேர்ந்தால் ஒரு செட். அத்தனை பேர் காலும் தரையில் விழும் சத்தம் மைக்கில் அப்படியே ஏறியிருக்கிறது. நடுநடுவே ஒரு கூவல், ஒரு உற்சாகக் குரல்.

இதைக் கேட்ட பிறகு ஸ்டுடியோவில் எடுத்த ஐரிஷ் இசை எதுவும் எனக்கு ஆறிப்போன தோசை மாதிரிதான் இருக்கிறது. ரீல், ஜிக், போல்கா எல்லாம் ஆடுவதற்குப் பிறந்தவை. ஆடுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வாசித்தால் அதில் என்ன மிச்சம் இருக்கும்? இந்த இசைக்கு நேரடிப் பதிவுதான் பதிவு. மறுப்பவர்கள் வரலாம்.

வில்நாண்:

வந்துவிட்டேன்.

ஒரே கேள்வி. மைக்கேல் கோல்மனை எங்கே வைப்பீர்கள்? ஸ்லைகோ கவுண்டிக்காரர், 1891-இல் பிறந்தவர், அமெரிக்கா போய் 1920களிலும் 30களிலும் நியூயார்க் ஸ்டுடியோக்களில் 78 சுழற்சித் தட்டுகளுக்கு ஃபிடில் (நம் வயலின்தான்) வாசித்தவர். எதிரே ஆட்டமும் இல்லை, பப்பும் இல்லை. பக்கத்தில் ஒரு பியானோக்காரர், பல தட்டுகளில் அவர் ராகம் எங்கே போகிறது என்று தெரியாமல் தட்டிக்கொண்டிருப்பார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அவ்வளவுதான் நேரம்.

அந்தத் தட்டுகள் கப்பலேறி அயர்லாந்து திரும்பின. கிராமஃபோன் இருந்த வீட்டில் ஊரே கூடிக் கேட்டது. டார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானட் என்ற மூன்று ரீல்களையும் கோல்மன் ஒரே தட்டில் அடுத்தடுத்து வாசித்தார். இன்றைக்கும் எந்த செஷனிலாவது (பப்பில் கூடி வாசிக்கும் வட்டம்) ஒருவர் முதல் ரீலைத் தொடங்கினால் மற்ற இரண்டும் அதே வரிசையில் வந்து நிற்கும். நீங்கள் ‘உயிருள்ளது’ என்று கொண்டாடும் பப் வாசிப்பில் பாதி, ஸ்டுடியோத் தட்டிலிருந்து கற்றுக்கொண்டது. தோசை ஆறியிருந்தால் நூறு வருஷமாக ஊர் சாப்பிட்டுக்கொண்டிருக்குமா?

ஈரச்சாலை:

நான் கால்வேயில் இருக்கிறேன். வேலைக்கு வந்தவன், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் மரப் புல்லாங்குழல் பிடித்துக்கொண்டது. நாலு வருஷம் ஆகியும் ஆரம்பநிலைதான். நீங்கள் இருவரும் ‘நேரடி’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

மேடைக் கச்சேரி ஒன்று. பாத்தி பேண்ட் என்ற ஐரிஷ் குழு 1978-இல் பாரிஸில் வாசித்து, அடுத்த வருஷம் ‘ஆஃப்டர் அவர்ஸ்’ என்று வந்ததே, அந்த வகை. அதில் டிக்கெட் வாங்கிய கூட்டம், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. ஒலிநாடா சொல்கிற நாக்னக்ரீ வேறு, அது ஆட்டத்துக்கு வாசிப்பது. மூன்றாவதுதான் செஷன். அதற்குப் பார்வையாளர் என்று ஒருவர் தேவையே இல்லை. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். நமக்குத் தெரிவது அவர்கள் முதுகுதான்.

செஷனைப் பதிவு செய்து பாருங்கள், கொடுமை புரியும். மைக் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து பான்ஜோ மட்டும் விழும். நாலு ஃபிடில் இருந்தும் ஒன்றும் கேட்காது. பாரில் கிளாஸ் கழுவுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். புல்லாங்குழல்காரர் மாட் மலோய் வெஸ்ட்போர்ட்டில் தன் சொந்த பப்பிலேயே எடுத்து, 1992-இல் ரியல் வேர்ல்ட் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. நல்ல தொகுப்பு, மறுக்கவில்லை. ஆனால் தட்டு வெளியிடுவதற்கென்றே கூடி வாசித்தது. தற்செயலாக நடந்த இரவு அல்ல அது.

அப்புறம் மரியாதை என்று ஒன்று உண்டு. போன வருஷம் ஒரு பப்பில் கேட்காமல் போனை மேசை மேல் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ராகம் முடிந்ததும் போனை எடுத்து, திரையைக் கவிழ்த்து, என் கையில் கொடுத்தார். அன்றைக்கு மிச்ச இரவு முழுக்க எனக்கு ஒரு ஸ்வரமும் ஒழுங்காக வரவில்லை.

ஒலிநாடா:

மூன்றாகப் பிரித்தது நியாயம், ஏற்கிறேன். ஆனால் ஜோ கூலியை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

தெரியாதவர்களுக்காக: கால்வே கவுண்டி, பீட்டர்ஸ்வெல் ஊர்க்காரர். துல்லா கேய்லி பேண்டில் (ஆட்டத்துக்கு வாசிக்கும் குழு) அக்கார்டியன் வாசித்தவர். அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார், 1973 டிசம்பரில் இறந்துபோனார். அதற்குச் சற்று முன்னால் சொந்த ஊர் பப்பில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். அதுதான் 1975-இல் ‘கூலி’ என்ற தட்டாக வந்தது. அண்ணன் தம்பி சேர்ந்து வாசித்திருக்கிறார்கள், பௌரான் என்ற கைப்பறையில் ஜாக் கூலி. ஜனக்கூட்டம், சத்தம், சிரிப்பு எல்லாம் உள்ளே இருக்கிறது. அக்கார்டியன் ஒவ்வொரு அடியிலும் மூச்சு இழுத்து விடுவது மாதிரி துள்ளும்.

அந்த மனிதரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் ‘இன்னொரு டேக் எடுக்கலாமா’ என்று கேட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா? தன் ஊர், தன் ஜனம், தன் கடைசிக் காலம். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். பதிவில் கேட்கும் அந்தக் கூட்டத்தைச் சத்தம் என்று ஒதுக்கச் சொல்கிறீர்களா?

வில்நாண்:

கூலியைப் பற்றி ஒரு சொல்லும் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டில் நம்மை உலுக்குவது எவ்வளவு இசை, எவ்வளவு கதை என்று ஒருமுறை யோசியுங்கள். அவர் இறந்த செய்தி தெரியாமல் கேட்டிருந்தால்?

என் சண்டை முக்கியமாக மேடைப் பதிவுகளோடு. பாரிஸ் பதிவையே எடுங்கள். பாடி கீனனின் இல்லன் பைப் (ஐரிஷ் துருத்திக் குழல்), கெவின் பர்க்கின் ஃபிடில், மலோயின் புல்லாங்குழல், பின்னால் லனியும் மீஹால் ஓ டோனலும். இதைவிடப் பெரிய கூட்டணி கிடையாது. ஆனால் மேடை சூடேற ஏற வேகமும் ஏறும். ரீல் வேகமாகிவிட்டால் சின்னச் சின்ன அலங்காரங்கள் நசுங்கும், துள்ளல் போய் ஓட்டம் மட்டும் நிற்கும். கூட்டம் கூடவே கைதட்ட ஆரம்பித்தால் அதைவிட மோசம். ஆயிரம் பேர் தட்டும் தாளம் வாசிக்கிறவரின் தாளத்தைத் தின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரே டாமி பாட்ஸ். டப்ளினில் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர், பொது மேடை அதிகம் ஏறாதவர். 1972-இல் கிளாடா வெளியிட்ட ‘த லிஃபி பேங்க்ஸ்’ கேளுங்கள். தெரிந்த ரீலையே பிய்த்து, நீட்டி, எதிர்பாராத இடத்தில் நிறுத்தி வாசிப்பார். அதற்கு ஆட முயன்றால் கால் சிக்கிக்கொள்ளும். ‘ஆடப் பிறந்த இசை’ என்ற உங்கள் விதி அங்கே உடைகிறது. ஒரு மனிதர் தனியாகத் தன்னோடு பேசுவதைக் கேட்க அமைதி வேண்டும்.

ஈரச்சாலை:

மேடையில் எல்லாரும் ஓடுகிறார்கள் என்பது சரியில்லை. மார்ட்டின் ஹேய்ஸும் டென்னிஸ் காஹிலும் சியாட்டிலில் டிராக்டர் டேவர்ன் என்ற இடத்தில் வாசித்த பதிவு, 1999-இல் வந்தது. அதில் ஒரே கோவையாகக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஹேய்ஸ் கிழக்கு கிளேர்க்காரர், அப்பா பி. ஜோ ஹேய்ஸ் அதே துல்லா பேண்டை நடத்தியவர். காஹில் சிகாகோ கிட்டார்காரர், இரண்டு ஸ்வரம் போதுமென்றால் மூன்றாவதைத் தொட மாட்டார். மிக மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில்தான் கூட்டம் வெடிக்கிறது. அதுவரை இருமல்கூட இல்லை. இதை மூன்று நிமிடத் தட்டில் எப்படி அடைப்பது? ஒரு ரீலை ஒரு சுற்று வாசிக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்பாசி:

வாத்தியம், வாத்தியம் என்றே பேசுகிறீர்கள். பாட்டை யாரும் தொடவில்லை.

ஷான்-நோஸ் என்பது பக்கவாத்தியம் இல்லாமல், பெரும்பாலும் ஐரிஷ் மொழியில், தாளக்கட்டு இல்லாமல் பாடுவது. அதில் கேட்கிறவரும் பாதிப் பாடகர். பாடுகிறவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்து, வரியின் ஓட்டத்துக்கு மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். வரிக்கு வரி ‘மை ஹூ’ என்று ஒரு குரல் எழும், நம் ‘பலே’ மாதிரி. கடைசி வரியின் கடைசிச் சொற்களைச் சிலர் பாடாமல் சாதாரணப் பேச்சாகச் சொல்லி முடிப்பார்கள். பாட்டிலிருந்து இறங்கி நம் பக்கத்தில் வந்து உட்காருவது மாதிரி இருக்கும். அந்தப் பேச்சுக்கு எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டால் அது யாருக்கு?

ஜோ ஹீனி ஷான்-நோஸ் பாடகர், மேற்கு அயர்லாந்தில் கனமாராவின் கார்னாக்காரர். நியூயார்க்கில் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல் காவலராக இருந்தார். பிறகு சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார், 1984-இல் அங்கேயே இறந்தார். அவர் வகுப்புகளின் ஒலிநாடாக்கள் அந்தப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. பாடுவதற்கு முன் பாட்டின் கதையைச் சொல்லுவார். கதை இல்லாத பாட்டை அவர் பாட்டாகவே மதித்ததில்லை என்று எனக்குத் தோன்றும். இந்தப் பதிவுகளை மேடை என்பீர்களா, ஸ்டுடியோ என்பீர்களா?

இன்னொன்று. ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் ஆட்கள் எடிஃபோன் என்ற மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கதையைப் பதிவு செய்து, கேட்டு எழுதி முடித்ததும், பணம் மிச்சம் பிடிக்க மெழுகை வழித்துவிட்டு அதே உருளையில் அடுத்தவரைப் பதிவு செய்தார்கள். எழுத்து நின்றது, குரல் சுரண்டப்பட்டது. அந்த ஆணையத்தின் சேகரிப்பாளர் சீமஸ் எனிஸ் 1940களில் கனமாராவில் ஒரே மனிதர், கோலம் ஓ கீஹானிடமிருந்து, 200-க்கு மேல் பாட்டு சேகரித்தார், பெரும்பாலும் காதால் கேட்டுக் கையால் எழுதி. இரைச்சலாக ஒரு பதிவு இருந்திருந்தாலும் இன்றைக்கு நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவேன். தரம் பற்றிச் சண்டை போட முடிவதே கொடுத்துவைத்த நிலைமை.

கொட்டுமேளம்:

பழைய கச்சேரி கேசட்டில் யாரோ முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்குமே, அதைப் பற்றி...

ஈரச்சாலை:

அதற்கு வேறு இழை இருக்கிறது ஐயா, அங்கே போங்கள். இங்கே வந்தால் நாளைக்கு ஐரிஷ் பேச்சே இருக்காது.

வில்நாண்:

கடற்பாசி சொன்ன மெழுகு விஷயம் இரண்டு நாளாக மனசில் ஓடுகிறது. பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன், அங்கே எதிரே ஆள் வேண்டும். வாத்தியத்தில் கிடையாது.

நேற்று இரவு நாக்னக்ரீ பதிவை ஹெட்ஃபோனில் முழுதாகக் கேட்டேன், வாதத்துக்கு ஆள் சேர்க்கத்தான். காலடிச் சத்தம் தொந்தரவாக இருந்ததால் ஈக்வலைசரில் கீழ்ஸ்தாயி ஒலியைக் குறைத்துப் பார்த்தேன். கால் சத்தம் மெலிந்தது. கூடவே அக்கார்டியனும் கன்செர்டினாவும் ஏதோ பக்கத்து அறைக்குப் போய்விட்ட மாதிரி ஆயிற்று. பழையபடி வைத்துவிட்டுக் கேட்டேன். இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒலிநாடா:

எடுத்துக்கொள்ளவில்லை. கோல்மனின் அந்த மூன்று ரீல் தட்டைத் தேடி எடுத்து ஐந்து தடவை கேட்டாயிற்று. பியானோக்காரரை மட்டும் வடிகட்ட ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.