[கலைச்சொல்] ரிப்பன் ஸ்பீக்கர்: நாடாவா, வாரா?

ஆழியான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பழைய ஒலிபெருக்கிகளைப் பழுது பார்ப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கூம்பு வகை முடிந்தது. கூம்புக்குப் பதிலாக மெல்லிய உலோகப் பட்டையே அதிர்ந்து ஒலிக்கும் ரிப்பன் வகை அத்தியாயத்தில் நிற்கிறேன். 'நாடா ஒலிபெருக்கி' என்று எழுதினேன். படித்த நண்பர், "கேசட் போடுகிற பெட்டியா?" என்கிறார். ஒலிநாடா என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வேறு சொல் உண்டா?

பொதியில்:

முதலில் நாடா தமிழே அன்று. இந்தி வழி வந்தது. அது பாவாடையோடு நிற்கட்டும். நம்மிடம் 'வார்' இருக்கிறது. மலைபடுகடாம் தொடங்கும்போதே 'திண்வார் விசித்த முழவு' வந்துவிடுகிறதே! இசைக்கருவியோடு பிறந்த சொல். 'வார் ஒலிப்பி' என்க. விசித்தல் இறுகக் கட்டுதல் ஆதலால், ரிப்பனின் இழுவிசைக்கு 'விசிப்பு' என்பதும் கூடவே கிடைக்கிறது.

கன்னல்:

ஐயா, என் வகுப்பில் 'வார் ஒலிப்பி' என்று எழுதிப் போட்டால் போர்முனையில் வைக்கிற கருவி என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். தவிர, முழவில் வார் இறுக்குவதோடு சரி, ஒலிப்பது தோல். இங்கே ஒலிப்பதே ரிப்பன்தான். பேசாமல் ரிப்பன் என்றே விடுங்களேன். சடைக்கு ரிப்பன் கட்டாத ஊர் ஏது?

பொதியில்:

ரிப்பன் என்றால் சென்னை மாநகராட்சிக் கட்டடம் அம்மா. அதுவும் ரிப்பன் பிரபுவின் பெயர். துணியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வண்டல்:

ஜெர்மனியிலிருந்து ஒரு சேதி. 1920களில் இந்த அமைப்பை உருவாக்கியவர்கள் சீமென்ஸில் இருந்த ஷாட்கியும் கெர்லாக்கும். இங்கே இதன் பெயர் 'பெண்ட்ஷென்', அதாவது குட்டி நாடா. தலையில் கட்டுகிற நாடாவுக்கும் அதே சொல்தான். யாரும் குழம்பவில்லை.

ஒலிப்பித்தன்:

எந்தச் சொல்லை வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். அதைத்தான் யாரும் பேசவில்லை.

அசல் ரிப்பனில் காந்தங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடு தனியே தொங்கும். மின்னோட்டம் அதன் வழியாகவே போகும். இன்னொரு வகையில் மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தின் மேல் தகட்டுக் கீற்றுகள் ஒட்டியிருக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜிம் வைனி 1969இல் தொடங்கிய மேக்னபான் நிறுவனம் இரண்டையும் செய்திருக்கிறது. கம்பி ஒட்டிய படலமும் அவர்களுடையதே. பழசானால் படலத்தில் பசை விட்டுப்போய்க் கம்பி பிரிந்து கரகரக்கும். அதைத் திரும்ப ஒட்டிவிடலாம், பொறுமை இருந்தால் வீட்டிலேயே. அசல் ரிப்பன் அறுந்தாலோ தொய்ந்தாலோ ஒட்டுகிற பேச்சே இல்லை, புதிது போட வேண்டும். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், படிப்பவர் தேவையில்லாத உதிரிப்பாகத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

சோதனையும் வேறு. அசல் ரிப்பனின் மின்தடை ஓர் ஓமில் சிறு பங்குதான். அதனால் பழைய டெக்கா கெல்லி போன்ற ஒலிபெருக்கிகளில் நடுவே மின்மாற்றி இருக்கும். வெளி முனைகளில் மீட்டர் வைத்தால் அது காட்டுவது மின்மாற்றிச் சுருளை. உள்ளே ரிப்பன் அறுந்து கிடந்தாலும் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்லும். அப்போஜி நிறுவனத்தின் சின்டில்லா ஒலிபெருக்கியோ மின்மாற்றி இல்லாமல் ஒரு ஓமில் ஓடி ஆம்ப்ளிஃபயர்களின் உயிரை எடுத்தது. அந்த நிறுவனம் 1999இல் மூடிவிட்டது. ரிப்பனின் ஓரத்து ஃபோம் பொடிந்துபோன பெட்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் புதிது செய்து தருகிறார்கள்.

ஆழியான், இதையும் சேர்த்துவிடுங்கள்: இரும்புத் திருப்புளியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. காந்தம் வெடுக்கென்று இழுக்கும், ரிப்பன் கிழியும். தூசியை வாயால் ஊதவும் கூடாது.

கன்னல்:

இரண்டாவது வகைக்கு 'ஒட்டு நாடா'?

வண்டல்:

அது செல்லோடேப்.

பொதியில்:

இலக்கணமே வழி காட்டுகிறதே. 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆனால் இலக்கணப்போலி. அங்கே போலி என்பது ஏமாற்று அன்று, போல வருவது. எனவே மெய்வார், போலிவார்.

ஒலிப்பித்தன்:

ஐயா, நீங்கள் நன்னூல் படித்தவர். உதிரிப்பாகம் வாங்குகிறவர் படித்திருக்க வேண்டாமா? கடைத்தெருவில் 'போலி' என்றால் டூப்ளிகேட். "இம்மாடலுக்குப் போலிவார் வாங்கவும்" என்று அச்சடித்தால் கையேட்டையே தூக்கி எறிவார்.

வண்டல்:

வெறும் தகடு என்பதால் 'வெற்று நாடா'. மற்றது 'படல நாடா'. கேட்டதும் விளங்கும். இன்னொன்று: அசல் ரிப்பனில் குறுக்குவாட்டில் வரி வரியாக மடிப்பு இருக்குமே, அதற்கு என்ன சொல்?

கன்னல்:

கொசுவம்! சேலைக்குச் சொல்வதுதான். பழைய வடிவம் கொய்சகம்.

பொதியில்:

கொய்சகம் அருமை. கொய் என்னும் வேர்...

ஆழியான்:

ஐயா, வேருக்குள் இப்போது இறங்க வேண்டாம், நாளை வெள்ளி. வெற்று நாடா, படல நாடா, கொசுவம் என்று எழுதிவிடுகிறேன். ஒலிநாடாக் குழப்பம் வராமலிருக்க, தலைப்பில் 'நாடாவகை ஒலிபெருக்கி'. ஆட்சேபம் உண்டா?

கன்னல்:

எனக்கு ரிப்பனே போதும். ஆனாலும் சரி.

ஒலிப்பித்தன்:

சரி. படம் போட்டுவிடுங்கள், பெயர் எதுவானாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

பொதியில்:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்பட்டேன் என்று குறிக்க வேண்டாம். அடுத்த பதிப்பில் வாரை மீண்டும் எடுப்பேன். அது கிடக்கட்டும், திருப்புளி என்று எழுதியிருக்கிறாரே, திருகுளி அல்லவா சரி?