மறுமொழி: "மான் எதிர்ப்புப் பூச்செடி" – வேறு சொல் இல்லையா?

வணக்கம் அண்ணை,

ரொறன்ரோ நாற்றுக்கடையில் பூச்சாடியில் செருகியிருந்த அட்டையின் படம் கிடைத்தது. ஒரு மான் தலை, அதற்குக் குறுக்கே கோடு, பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. கீழே "டியர் ரெசிஸ்ரன்ற் பெரெனியல்". அதை "மான் எதிர்ப்புப் பல்லாண்டுத் தாவரம்" என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆர் பிள்ளை ஆர்ப்பாட்டம் செய்யினம், மானோ பூக்கண்டோ?" என்றார்.

சிக்கல் அங்கேதான். நோய் எதிர்ப்பு என்னும்போது உடம்பு உண்மையாகவே நோயோடு மல்லுக்கட்டுகிறது. லவண்டர் மானோடு எந்த மல்லும் கட்டுவதில்லை. மான் வருகிறது, மணந்து பார்க்கிறது, பிடிக்காமல் போகிறது. வேலை முழுக்க மானுடையது. ஆங்கிலம் செடியை எழுவாய் ஆக்கிவிட்டது என்பதற்காக நாங்களும் அப்படியே ஆக்கத் தேவையில்லை.

எங்கள் சொல்லாக்கக் குழுமத்தில் வந்த மற்றச் சொற்கள்: "மான்தாங்கி" என்றால் இடிதாங்கி, சுமைதாங்கி வரிசையில் மான் செடிக்கு மேல் ஏறி இளைப்பாறும். "மான்விரட்டி"யை கொசுவிரட்டி மாதிரிக் கடையில் வாங்கித் தெளிக்கிற மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான் முதலில் நினைத்தது "மான்வெருளி". எங்கள் தோட்டங்களில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்குமே, அந்த வெருளி. ஆனால் வெருளியின் தொழில் பயம் காட்டுவது. துளசி ஆருக்குப் பயம் காட்டும்? நானே கைவிட்டுவிட்டேன்.

உண்மையில் இந்த வேலையைத் தமிழ் எப்போதோ செய்து முடித்துவிட்டது. இருமலுக்கு அவித்துக் குடிக்கிற ஆடாதோடையை எடுங்கள். ஆடு தொடா இலை என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். அதை ஏற்காவிட்டாலும் ஆடுதின்னாப்பாளை இருக்கிறது, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. செடி எதிர்க்கவும் இல்லை, தாங்கவும் இல்லை. ஆடு தின்னாது, அவ்வளவுதான் பெயர். இன்னொன்று: ஆடு தின்னாத அந்தப் பாளையின் இலையைத்தான் உடம்பு சிவந்த அழகு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு தின்று வளர்கிறது. உங்கள் அட்டையில் உள்ள இரண்டு படமும் ஒரே கொடியில்!

ஆகவே என் முன்மொழிவு: மான்மேயா.

ஏன் "தொடா", "தின்னா" வேண்டாம் என்றால், போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் எங்கள் வளவுக்குப் பின்னால் காடு. குளத்துத் தண்ணீர் அடியில் கிடந்தது, புல்லெல்லாம் வைக்கோல் நிறம். அலம்பல் வேலி ஓரிடத்தில் சரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. விடியப் போய்ப் பார்த்தால் நாலு செவ்வரத்தையும் (செம்பருத்தி) வெறும் குச்சி. முயல் இல்லை என்று நுனியைப் பார்த்தே சொல்லலாம். முயல் கடித்த இடம் கத்தியால் சரிவாக வெட்டியது போல இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, பற்றி இழுத்துக் கிழிக்கும், நுனி நார்நாராகத் தொங்கும். அடுத்த பாத்தி பட்டிப்பூ, இந்திய நண்பர்கள் நித்தியகல்யாணி என்பது. குளம்படி அந்தப் பாத்திக்குள்ளும் இருந்தது. ஒரு கொப்பில் நாலு இலை கிழிந்து, அதற்குக் கீழே மண்ணில் மென்று துப்பிய பச்சைச் சக்கை. மிச்ச வரிசை பூவோடு அப்படியே நின்றது. தொட்டிருக்கிறது, தின்னவும் பார்த்திருக்கிறது. மேயவில்லை.

அடுத்தது வண்ணத்துப்பூச்சிப் படம். "மகரந்தச் சேர்க்கையாளர்களை ஈர்க்கும்" என்று எழுதினால் அட்டை முடிந்துவிடும், செடிக்கு இடம் இராது. அதோடு "யாளர்" என்றதும் எனக்கு மேசை, நாற்காலி, அலுவலகம் ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நோயைச் சுமந்து திரியும் நுளம்பு நோய்க்காவி. தண்ணீர்க் குடத்தைக் காவுகிறோம், சாமியைக் காவுகிறோம். மகரந்தத்தைக் காவுவது மகரந்தக்காவி. இன்னும் சுருக்க வேண்டுமென்றால் தாதுகாவி.

இரண்டு சொல்லும் சேர்ந்துதான் வரவேண்டும், தனித்தனியே வந்தால் ஆளை ஏமாற்றும். அலரியை மான் மேயாது, பால் முழுக்க நஞ்சு. ஆனால் அலரிப் பூவில் தேன் இல்லை, பூச்சியை நம்பவைத்து வெறுங்கையோடு அனுப்புகிற பூ. பட்டிப்பூவின் குழல் ஒடுக்கம், நீளம். வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சிக்கு எட்டும், தேனீக்குச் சரிவராது. எனக்கோ பூச்செடி பாத்தியின் அழகுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் பூசணியும் கெக்கரியும் இருக்கின்றன. அவற்றில் ஆண்பூ வேறு பெண்பூ வேறு, தேனீ வராவிட்டால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும். அதனால் துளசியை வரிசையாக வைத்தேன். கதிர் விட்டதும் காலையில் அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். வேலிக்கு வெளியே எருக்கலை தானாக நிற்கிறது, அதற்குப் பெரிய கருவண்டு வரும். கத்தரிப் பூவை அதிரவைத்துத் தாது உதிர்க்கிறதும் அந்த இனம்தான், தேனீயால் அது முடியாது.

"பல்லாண்டு" இருக்கட்டும். அங்கே பனிக்கு மண்ணோடு மண்ணாகிப் பிறகு துளிர்க்கிறது. இங்கே கார்த்திகைப்பூ கோடைக்குக் கிழங்காய் ஒளிந்து மாரிக்கு எழும்புகிறது. சொல் இரண்டுக்கும் பொருந்தும்.

– ஒட்டுசுட்டானிலிருந்து

*

வணக்கம் அக்கா,

மதுரையிலிருந்து மூன்று கேள்விகள். "மான்மேயா பூச்செடி"யா, "மான்மேயாப் பூச்செடி"யா? இரண்டாவது, "காவி" என்றால் இங்கே நிறம்தான். மகரந்தக்காவி என்று படித்ததும் மஞ்சள் தூள் அப்பிய வேட்டிதான் கண்ணில் வந்தது. மூன்றாவது, மேயா என்றால் ஒருநாளும் மேயாது என்று சத்தியம் செய்கிற மாதிரி இருக்கிறதே? நாளைக்கு ஒரு மான் மேய்ந்துவிட்டால் அகராதியை யார் திருத்துவது?

*

அன்புத் தங்கச்சி,

மூன்றாவது கேள்விதான் எனக்கும். நியூ ஜேர்சியின் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகம் வைத்திருக்கிற பட்டியலில் நாலு தரம் உண்டு: அரிதாகச் சேதப்படுவது, பெரிதாகச் சேதப்படுவது குறைவு, இடைக்கிடை பெரிதாகச் சேதப்படுவது, அடிக்கடி பெரிதாகச் சேதப்படுவது. "ஒருபோதும் இல்லை" என்று ஒரு தரமே இல்லை. டஃபடிலும் லவண்டரும் முதல் தரம். ரியூலிப்பும் ஹொஸ்ராவும் கடைசி. போன வருசம் என்ர ஹொஸ்ரா ஒரு இரவில கீரைக்கட்டு மாதிரி அறுபட்டுப் போச்சு. பனி முடியிற நேரம் பசிச்ச வெள்ளைவால் மான் அட்டை வாசிச்சுப் பார்த்துச் சாப்பிடாது.

– ரொறன்ரோ

*

அண்ணை, மதுரைத் தம்பி, இருவருக்கும்.

ஒற்று மிகும். "மேயாத" என்பதில் கடைசி எழுத்துப் போன ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் வந்தால் இரட்டிக்கும்: மான்மேயாப் பூச்செடி. இலக்கணம் மறந்தால் முல்லைத்தீவுக்கு வாருங்கள், வற்றாப்பளை என்று பேருந்துப் பலகையிலேயே எழுதியிருக்கும். (அந்தப் பெயர் பத்தாம்பளையில் இருந்து வந்தது என்பார்கள். என் காதுக்கு அது வற்றாத பளைதான்.)

சத்தியம் செய்கிற விசயத்துக்கும் அதுவே பதில். வாடாமல்லி வாடுவதில்லையா? வற்றாத கிணறு என்று பெயர் எடுத்த கிணற்றிலும் சில வருசம் வாளி தரை தட்டும். பெயரில் வரும் "ஆ" வழக்கத்தைச் சொல்கிறது, உத்தரவாதம் தரவில்லை. "எதிர்ப்பு" என்றால்தான் தோற்றதும் ஏமாற்றம்.

ஆனால் அண்ணை சொன்ன நாலு தரம் எனக்குப் பிடித்திருக்கிறது. மேயா, அரிதுமேய், இடைமேய், விரும்பிமேய் என்று வைக்கலாமா? செவ்வரத்தை விரும்பிமேய், அதை எந்த அவையிலும் சாட்சி சொல்வேன்.

"காவி"யில் மட்டும் பிடிவாதம் பிடிக்கவில்லை. எங்கள் கணிதப் புத்தகத்தில் காவி என்றிருப்பது உங்களுக்குத் திசையன், அப்படியும் இரண்டு பக்கமும் கணக்குச் செய்கிறோம். நீங்கள் "தாதூதி" என்று போட்டாலும் எனக்குச் சம்மதம், வண்டு தாது ஊதுவது நம் பழைய பாட்டுகளில் இருக்கிறதுதானே. ஆனால் ஊதுவது தனக்காக. காவுவதுதான் பூவுக்கு வேண்டியது, பூசணிக்கும்.

– ஒட்டுசுட்டானிலிருந்து

*

வவுனியாவில் இருந்து ஒரு வரி: முல்லைத் திணைக்கு விலங்கே மான். முல்லைத்தீவில் இருந்துகொண்டு மானுக்கு எதிராகச் சொல் தேடுகிற பிள்ளைக்கு வாழ்த்துகள். மான்மேயாவுக்கு என் கையும் உயர்ந்திருக்கிறது. அப்படியே "குரங்குமேயா"வும் ஒன்று ஆக்கித் தர முடியுமா?

*

மாஸ்டர், அந்தச் சொல்லை ஆக்கலாம். அதைக் கட்டித் தொங்கவிட ஒரு கண்டு எங்கள் வளவில் இன்னும் முளைக்கவில்லை.