ஐசியூ வாசலில், போனின் மறுமுனையில்

அரசு மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த வருடம் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. பைக் விபத்தில் தலையில் அடிபட்ட பையன். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து, மூளைச்சாவு என்று டாக்டர்கள் உறுதி செய்துவிட்டார்கள். அவன் அப்பாவை வராந்தாவில் நிற்கவைத்தே மூளைச்சாவு, உறுப்பு தானம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "மூளைதானேம்மா செத்திருக்கு, நெஞ்சு ஏறி இறங்குதே?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. 'மூளைச்சாவு' என்ற சொல்லைக் கேட்டால் மீதி உடம்பு உயிரோடு இருப்பதாகத்தான் தோன்றும். வெண்டிலேட்டர் ஓடும்போது உடம்பும் சூடாகத்தானே இருக்கிறது! இப்போது உட்காரவைத்து, "தம்பி இறந்துட்டார். மெஷின்தான் மூச்சை உள்ளே தள்ளுது" என்று சொல்கிறேன். 'பாடி' என்ற வார்த்தையை எடுப்பதே இல்லை. சொன்ன பிறகு, அவர்களாகப் பேசும்வரை வாய் திறக்க மாட்டேன்.

சமீபத்தில் ஒரு அம்மா. அவர் மகனுக்கும் மூளைச்சாவு. மகனின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குழாய் வழியாகக் கொடுத்ததைச் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டபோதுதான் உறைத்தது. "அன்னைக்கு வீட்ல என்னம்மா நடந்துச்சு?" என்றேன். சண்டை போட்டுவிட்டு, போட்ட சோற்றைத் தொடாமல் கிளம்பியிருக்கிறான். ஒரு மணி நேரம் அழுதுகொண்டே சொன்னார். தானம் பற்றி நான் பேசவே இல்லை. சாயங்காலம் அவன் சித்தப்பாவே வந்து, "2008-ல ஹிதேந்திரன்னு ஒரு பையனோட இதயத்தைக் கொடுத்தாங்களே, அந்த மாதிரியா மேடம்?" என்று கேட்டார். அம்மாவுக்கு மனசு வரவில்லை. சரிம்மா என்று சொல்லி, போஸ்ட்மார்ட்டம் முடியும்வரை கூடவே இருந்தேன்.

*

மேடம் எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. 108-ல் அழைப்பு எடுக்கிறேன். கத்துகிறவரிடம் "பொறுமையா பேசுங்க" என்றால் இன்னும் கத்துவார். நாம் கேள்வி கேட்பதால்தான் வண்டி தாமதமாகிறது என்று அவருக்குப் பயம். அதனால், "வண்டிக்குத் தகவல் போயிடுச்சுண்ணே, நீங்க அடையாளம் சொன்னா நேரா வந்துடுவாங்க" என்றுதான் ஆரம்பிப்பேன்.

ஒரு ராத்திரி, அப்பாவுக்கு மூச்சில்லை என்று ஒரு பெண். நெஞ்சின் நடுவில் கைகளை வைத்து அழுத்தச் சொன்னேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அந்த வேகத்தில் நானே ஒண்ணு, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, அவரும் சேர்ந்து எண்ணினார். சைரன் சத்தம் போனில் கேட்கும்வரை இரண்டு பேரும் எண்ணிக்கொண்டே இருந்தோம்.